ராமேஸ்வரத்துச் சிப்பி

செல்லப்பனின் கருமாதி முடிந்த மத்தியானம், சாப்பிட்டு எழுந்த சொந்தக்காரர்கள் ஸ்கூடாய் வீட்டின் கார் நிற்கும் இடத்தில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் விட்ட கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். அழுது தீர்ந்த வீட்டில் அப்படித்தான் சிரிப்பு வரும். செல்லப்பன் உயிரோடு இருந்தால் அந்த வட்டத்தின் நடுவில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

ஆயுள் முழுக்க மண்வாரி இயந்திரம் ஓட்டியவர். கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் கால்வாய் வெட்டுவது, வெள்ளம் வடிந்த பிறகு சேறு வாருவது, செனாயில் தொழிற்பேட்டைக்கு மேடு தட்டுவது என்று எந்நேரமும் மண்ணோடுதான் வேலை. மண்ணுக்குள் பார்த்ததை வீட்டில் வந்து சொல்லும்போது அது கொஞ்சம் வளர்ந்துவிடும். வெள்ளத்தில் தப்பிய முதலை ஒன்று இயந்திரத்தின் வாளிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றதாம். அவருடைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் தின்ற யானை, மறுநாள் அதே இடத்தில் ஒரு வாழைத்தார் வைத்துவிட்டுப் போயிற்றாம்.

"பூட்டு வெச்ச சிப்பிய விட்டுட்டீங்களே," என்றார் சுகுமாறன். செல்லப்பனின் மைத்துனர், அவர் மனைவி சந்திரமதியின் தம்பி. தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். "ஆத்துல ஒரு சிப்பி இருக்கு, உள்ளுக்கு பூட்டு வெச்சுருக்கு, ரெண்டு பாதியையும் சேத்தா நகராதுன்னாரு. சாவி எங்க மச்சான்னு கேட்டேன். அத முதலை முழுங்கிருச்சுன்னுட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். தேநீர்த் தட்டோடு வந்த சந்திரமதியும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு ஏதோ இடறியது. மற்ற கதைகளைச் சொல்லும்போது செல்லப்பனின் கண் கேட்பவர் முகத்தில் இருக்கும், எப்போது சிரிப்பார்கள் என்று. சிப்பியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு சொல்வார். ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் மறு கையின் ஒரு விரலை நுழைத்து, "இப்படி, மதி, இப்படி மாட்டிக்கிட்டு இருக்கும்," என்பார். யாரும் சிரிக்காவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

அதே போலக் கைகளைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் ஒன்று இருந்தது. அதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

பெண் பார்க்க வருவதற்கு முன்பே அவளைப் பார்த்துவிட்டதாகச் சொல்வார். செனாயில், தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில், நல்ல மழை. நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாளாம். இயந்திரத்தை ஏற்றிப் போன லாரியின் முன் இருக்கையில் இருந்து அவர் பார்த்தாராம். அப்புறம் பெண் பார்க்கப் போன வீட்டில் காபித் தட்டோடு வந்தவளும் அவள்தானாம். சந்திரமதிக்கு அந்த வருஷம் செருப்பு அறுந்ததாக நினைவே இல்லை. "போங்க, ஒங்க கதைய வேற ஆளப் பாத்துச் சொல்லுங்க," என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாள். அவரும் ஒவ்வொரு தடவையும் திரும்பச் சொன்னார்.

இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. மழைக்குச் சாட்சி ஏது? ஆனால் சிப்பி என்பது பொருள். அது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. சந்திரமதி அப்படிப்பட்ட விஷயங்களை நம்புகிறவள். செனாயில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் தரச் சோதனை மேசையில் அவளுக்கு வேலை. மேல் மூடியும் கீழ் மூடியும் பொருந்துகிறதா, விளிம்பில் மயிரிழை பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். யார் என்ன சொன்னாலும் பொருள் பொருந்தினால்தான் பெட்டிக்குப் போகும். சிப்பி பொய்யென்றால் மழையும் பொய். சிப்பி மெய்யென்றால்? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சில வாரம் கழித்துச் சுகுமாறன் செல்லப்பனின் கருவிப் பெட்டியை எடுத்துப் போக வந்தார். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள், துருப்பிடிக்க விடுவானேன். ஸ்பேனர்களை வெளியே எடுத்துப் போட்டபோது அடியில் கிரீஸ் டப்பாவுக்குள் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுகுமாறன் அதைச் சுரண்டி எடுத்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிப்பியின் பாதி. இயந்திரத்தின் மூட்டுகளுக்குக் கிரீஸ் அள்ளிப் பூச அதைக் கரண்டியாக வைத்திருந்திருக்கிறார்.

"இதான் அந்தச் சிப்பியா? பூட்ட ஒடச்சு எவனோ திருடிட்டான் போல," என்றார் சுகுமாறன்.

"குடு இங்க," என்று சந்திரமதி வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே ஷர்மினிக்குப் போன் செய்தாள். ஷர்மினி சுகுமாறனின் மகள்; ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் ஆற்று உயிர்களைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். அத்தை சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாள்.

"அத்தை, மாமா அப்படியா சொன்னாரு? விரல வெச்சு?"

"ஆமா. ஏன், அதுவும் கதைதானா?"

"பாத்துட்டுச் சொல்றேன் அத்தை. ஞாயித்துக்கெழம வர்றேன். அந்தச் சிப்பிய எடுத்து வைங்க."

பல்கலைக்கழகத்துப் பெண் பார்க்கப்போகிற பொருள். செல்லப்பனின் பொருள். கிரீஸோடு எப்படிக் கொடுப்பது? சனிக்கிழமை சந்திரமதி அதைப் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவினாள். கிரீஸ் போயிற்று, ஆனால் உட்புறம் பழுப்பேறிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கக் கரைத்த புளி மிச்சம் இருந்தது. பித்தளையில் ஏறிய எந்தக் கறையையும் எடுக்கிற புளி. கெட்டியாக அப்பி, கொஞ்சம் உப்பும் போட்டு ஊற வைத்தாள். சிறுசிறு குமிழிகள் வந்தன. அழுக்கு விட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் இரும்பு நார் போட்டு நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, சாமான் அடுக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அவளுக்குத் திருப்தி.

ஷர்மினி வந்தாள். கூடவே கார் ஓட்டி வந்த சுகுமாறன் நாற்காலியில் சாய்ந்து, "நீதிபதி வந்தாச்சு," என்றார். ஷர்மினி முதலில் தன் பையிலிருந்து ஒரு பெரிய சிப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். பச்சை கலந்த பழுப்பு நிறம், ஒரு சின்னத் தட்டு அளவு.

"இது மீன் வளக்கிற குளத்துல எடுத்தது. மலாய்ல கீஜிங்னு சொல்வாங்களே, அதுல ஒண்ணு. இப்ப எங்க பாத்தாலும் இதான். உள்ள விரல வெச்சுப் பாருங்க, ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல."

சந்திரமதி மேசைக்கு வந்த எந்தப் பொருளையும் தடவுவது போலத் தடவினாள். வழுவழுவென்று, தடையே இல்லாமல் விரல் ஓடியது.

"ஒண்ணுமில்ல."

"அதான். இதுக்குப் பல்லு கெடையாது. இது நம்ம ஊரு சிப்பியும் கெடையாது. சீனாப் பக்கத்துல இருந்து வந்தது."

"எப்படி வரும்? நடந்தா?" என்றார் சுகுமாறன்.

"மீன்ல ஏறித்தான் அப்பா. குஞ்சு கண்ணுக்கே தெரியாது. தாய்ச் சிப்பி தண்ணியில விட்டதும் மீனோட செவுளக் கவ்விப் பிடிச்சுக்கும். அங்கயே ஒட்டிக்கிட்டு கொஞ்ச நாள் வளரும். அப்புறம் விட்டுட்டுச் சேத்துல எறங்கிடும். மீன வாங்கிட்டு வந்து குளத்துல விட்டோம்ல, அதோட வந்துருச்சு."

சந்திரமதி சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு பெரியது, ஒரு காலத்தில் தூசியளவு இருந்து, ஒரு மீனின் மூச்சுக்குள் உட்கார்ந்து கடல் தாண்டி வந்திருக்கிறது. மீனுக்கு அது தெரிந்திருக்குமா என்று நினைத்தாள். வெளிப்புறத்தில் வளையம் வளையமாகக் கோடுகள். நின்று நின்று வளர்ந்த தடம் அது என்று ஷர்மினி காட்டினாள். மேல் முனையில், சிப்பி பிறந்த இடத்தில், மிகச் சிறிய வளையம். அந்தத் தூசி அதற்குள் எங்கோ இருந்தது.

"நம்ம ஆத்துச் சிப்பியில சிலதுக்கு இந்த எடத்துல பல்லு மாதிரி மேடு இருக்கும். ஒரு பாதியில ரெண்டு நீள மேடு, நடுவுல பள்ளம். மறு பாதியில ஒரு மேடு. அந்த ஒண்ணு இந்தப் பள்ளத்துல போய் ஒக்காரும். சிப்பி இன்னதுன்னு சொல்ல நாங்க மொதல்ல பாக்கிறதே அதத்தான்." ஷர்மினி ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் மறு கையின் விரலை நுழைத்தாள். "இப்படி."

சந்திரமதி அந்தக் கைகளையே பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் அந்த மாதிரி விரல் வைத்து அவள் பார்த்ததில்லை, அவரைத் தவிர. சுகுமாறன்கூடச் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"சரி, மாமா சிப்பி எங்க?"

சந்திரமதி பெருமையோடு கொண்டுவந்து வைத்தாள். ஷர்மினியின் முகம் மாறியது. எடுத்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"அத்தை, இத எதுல கழுவுனீங்க?"

"புளியிலதான். வெளக்கு துலக்குற மாதிரி. ராத்திரி பூரா ஊற வெச்சேன்."

"அலமாக், அத்தை," என்றாள் ஷர்மினி மெல்ல. "சிப்பி சுண்ணாம்பு. புளி அத அரிச்சிரும்."

வெளித்தோல் முழுக்கப் போயிருந்தது. மேல் முனையில் இருக்க வேண்டிய சுருக்கங்கள் கரைந்து மழுங்கியிருந்தன. பொருந்தும் இடத்தில், கிரீஸ் அள்ளி அள்ளித் தேய்ந்தது போக மிச்சம் இருந்ததைப் புளியும் இரும்பு நாரும் தின்றிருந்தன. ஏதோ மேடு போலத் தெரிந்தது. மேடாகவும் இருக்கலாம், தேய்ந்த விளிம்பாகவும் இருக்கலாம்.

"இருக்குன்னு சொல்ல ஆசையா இருக்கு அத்தை. ஆனா ஆசைக்காகச் சொல்லக்கூடாதுல்ல."

"கூடாது," என்றாள் சந்திரமதி. அவளும் தொழிற்சாலையில் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் பொருள் தள்ளுபடிதான்.

வழக்கமாகச் சுகுமாறன் இங்கே ஏதாவது சொல்லியிருப்பார். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார்.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் வழக்கம் போல எழுந்து குளித்து, வேலைக்குக் கிளம்புமுன் சாமி அறையில் விளக்கேற்றி, திருநீறு எடுக்கக் கை நீட்டினாள். மனம் அதில் இல்லை. மூன்று விரலும் நீற்றுக்குள் இறங்கின. மோதிர விரல் வழக்கம் போல உள்ளே ஓரத்தில் இருந்த மேட்டில் இடித்தது.

கை அப்படியே நின்றது.

திருநீறு வைத்திருந்தது ஒரு சிப்பியில். வீட்டில் அதைச் சிப்பி என்று யாரும் நினைப்பதில்லை. ராமேஸ்வரத்துச் சிப்பி என்று பெயர் இருந்தாலும், பேச்சில் அது திருநீற்றுத் தட்டுதான். கல்யாணமான புதிதில் செல்லப்பன் கொண்டுவந்தது. கூட்டாளி ஒருவன் இந்தியாவுக்குப் போய்வந்து கொடுத்தான், ராமேஸ்வரத்துத் தீர்த்தத்தில் கிடந்தது என்று சொல்லித் தன் அம்மாவிடம் கொடுத்தார். சாமி அறை விஷயத்தில் மாமியார் படு கண்டிப்பு. தீர்த்தச் சிப்பி என்றதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே திருநீறு கொட்டி வைத்தார். சாகிற வரைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைச் சொன்னார். பித்தளை இல்லை என்பதால் அதற்குப் புளி போட்டதில்லை. சாமிப் பொருள் என்பதால் தண்ணீரும் பட்டதில்லை. குறையக் குறைய மேலே நீறு கொட்டுவதோடு சரி. அடியில் பழைய நீறு கல்லாக இறுகிக் கிடந்தது.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் விரல் அந்த மேட்டைத் தொட்டிருக்கிறது. சளி, காய்ச்சல், தீபாவளி, பிள்ளைப்பேறு இல்லாத துக்கம், அவர் போன பிறகு வந்த வெறும் காலைகள், எல்லாவற்றிலும் தொட்டிருக்கிறது. விரலுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

சாமி அறையில் நின்றபடி அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை நகர்த்தினாள். ஒரு மேடு. அப்புறம் ஒரு பள்ளம். அப்புறம் இன்னொரு மேடு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், நீளமாக ஓடின. கடவுள் படத்தைப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பாவி மனிதர். ஆற்றுச் சேற்றில் எடுத்த சிப்பியைச் சாமி அறைக்குள் ஏற்ற, பெற்ற தாயிடம் ராமேஸ்வரம் என்று புளுகியிருக்கிறார். பூட்டுச் சிப்பி என்று அவர் சொன்ன மெய்யை எல்லாரும் சிரித்துத் தள்ள, ராமேஸ்வரம் என்று சொன்ன பொய் அதை அலுங்காமல் காப்பாற்றி வைத்திருந்தது. அதை அவரும் வெளியே சொல்ல முடியாமல், சுகுமாறன் சாவி எங்கே என்று கேட்கும்போதெல்லாம் சாமி அறைப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

போன் செய்து சொன்னதும் சாயங்காலம் ஷர்மினி அப்பாவோடு வந்தாள். இந்தத் தடவை சந்திரமதி எதையும் தொட்டிருக்கவில்லை. நீற்றோடு அப்படியே எடுத்து வைத்திருந்தாள். ஷர்மினி செருப்பைக் கழற்றி, கை கழுவி, மேல் நீற்றை ஒரு கிண்ணத்தில் மரியாதையாகக் கொட்டினாள். இறுகியதை மெல்லிய தூரிகையாலும் பல்குத்தும் குச்சியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பக்கத்தில் சந்திரமதி, எதிரில் சுகுமாறன். வெள்ளை விலக விலக உள்ளேயிருந்து நீலம் கலந்த ஓர் ஒளி வந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்தால் ஒரு ஓரத்தில் இளஞ்சிவப்பாக மாறியது. இத்தனை வருஷம் இருட்டில் அது தன்பாட்டுக்கு இப்படி மின்னிக்கொண்டிருந்ததா?

"கடல் சிப்பி இல்ல," என்றாள் ஷர்மினி. விளிம்பில் மிச்சமிருந்த கரும்பழுப்புத் தோலைக் காட்டினாள். பிறகு சிப்பியைக் கவிழ்த்து மேல் முனையில் லென்ஸை வைத்து, அத்தையைப் பார்க்கச் சொன்னாள். முனை தேய்ந்திருந்தாலும் அதைச் சுற்றி நெளிநெளியாக, வளைந்து திரும்பி வளைந்த சுருக்கங்கள் தெரிந்தன. பாய் பின்னியது போல. தூசியளவு இருந்த காலத்தில் எந்தக் கையும் இல்லாமல் அது தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

ஷர்மினி புளி தின்ற பாதியை எடுத்தாள். "ஒரு சிப்பியோட பாதி இன்னொரு சிப்பிக்குச் சேராது அத்தை. எவ்வளவு ஒத்த அளவா இருந்தாலும் சேராது." அத்தையிடம் இரண்டையும் நீட்டினாள். "நீங்களே வைங்க. ஒங்க வேலதானே இது."

சந்திரமதி வைத்தாள். மேசையில் எத்தனையோ மூடிகளைப் பொருத்திய கைகள்தான். விளிம்பு விளிம்போடு சேர்ந்தது. ஒரு பாதியின் வளர்ச்சிக் கோடு போய் முடிந்த இடத்தில் மறு பாதியின் கோடு தொடங்கியது. மழுங்கிப் போயிருந்தாலும் அந்த ஒற்றை மேடு பள்ளத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தது. அவள் நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை.

"சாவி கெடச்சிருச்சு மச்சான்," என்றார் சுகுமாறன், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து.

அது காண்ட்ராடென்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்றாள் ஷர்மினி. பெயரே எதிரெதிர்ப் பல்லை வைத்துத்தான். எந்த இனம் என்று தான் ஒருத்தியே சொல்லிவிட முடியாது, மற்றச் சிப்பிகளோடு வைத்துப் பேராசிரியர் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு தயங்கி, இதைப் பல்கலைக்கழகச் சேகரிப்புக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். "கோத்தா திங்கிப் பக்கத்து அந்த ஆத்த நேராக்கிக் கால்வாயாக்கிட்டாங்க. இப்ப அங்க பல்லில்லாததுதான் கெடைக்குது."

"தெரியும். நேராக்குனது ஒங்க மாமாதான்," என்றாள் சந்திரமதி. "வாளியில வந்தத எல்லாம் எறங்கி எறங்கித் தண்ணியிலயே போட்டேன்னு சொன்னாரு. செத்துக் கெடந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டு வந்தாராம்." சொல்லிவிட்டு யோசித்தாள். இதையும் அவள் அன்று நம்பவில்லை. "எடுத்துக்க. ரெண்டையும் சேத்தே வெச்சுக்க. பிரிச்சிராத."

"எடுத்தவர் பேரும் போடுவோம் அத்தை. செல்லப்பன்னு."

மறுநாள் காலையில் திருநீறு ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. மூன்று விரலும் இறங்கின. மோதிர விரல் ஓரம்வரைக்கும் போய், மேட்டைத் தேடி, வழுக்கி நின்றது. சந்திரமதி அதைத் தேட விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, செனாய் விமான நிலையத்துக்கு யாரையோ அழைக்கப் போன ஷர்மினி அத்தையையும் வேலையிடத்திலிருந்து ஏற்றிக்கொண்டாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் நீலச் சட்டைப் பெண்கள் ஒடுங்கி நின்றார்கள். கார் சிவப்பு விளக்கில் நின்றது. சந்திரமதி கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அப்பால் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்க மாமா என்னைய மொதல்ல பாத்தது இங்கதான்," என்றாள். "இதே மாதிரி மழை. என் செருப்பு அறுந்து போயிருந்துச்சு. கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன்."